ஒரு 'யெஸ்', ஒரு 'நோ'

சில வருஷங்களுக்கு முன் என் தாயாருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகச் சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது உத்தரவு. என் தாயாருக்கு அது ஒரு பெரிய காரியமல்ல. ஆயுள் முழுவதும் ஏகாதசிப் பட்டினி கிடந்து பழகிய உடம்பு. "இதுக்குப் போய் இத்தனை தடவை சொல்றாளே!" என்று சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். இளம் வயது. வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பாராமல், ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "இவர்களுக்குச் சாப்பிட ஒன்றும் கொடுக்கவில்லையே?"

நான் பவ்யமாக, "யெஸ், டாக்டர்" என்றேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் அம்மாள் வந்து, ஆபரேஷன் நாளைக்கு என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்?" என்றேன்.

"பாட்டி ஏதோ சாப்பிட்டுவிட்டார்களாமே! நீங்கள்தானே டாக்டரிடம் சொன்னீர்களாம்?"

நான் வராந்தா முழுவதும் ஓடி, அந்த டாக்டரைத் தேடிப் பிடித்து, விஷயத்தை விளக்குவதற்குள் எங்கள் முறை போய் வேறு இரண்டு பேருடைய முறை வந்துவிட்டது. டாக்டர் கோபிக்கவில்லை. "நீங்கள் சொன்ன வார்த்தைக்கு ஆங்கிலத்தில் அதுதானே அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு 'யெஸ்' என்பதா 'நோ' என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. பேசாமல் திரும்பி வந்தேன். எழுபத்திரண்டு வயதுக் கிழவி என் ஒரு வார்த்தைக்காக மறுபடியும் ஓர் இரவு பட்டினி கிடந்தாள்.

அன்று முதல் எனக்கு இந்த இரண்டு வார்த்தைகளின் பேரில் ஒரு கண். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் நாளே வந்துவிடுகிற வார்த்தைகள். கல்லூரியில் இரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் கேட்டவன் நான். இலக்கணப் புத்தகத்தில் எத்தனையோ விதிகளை உருப்போட்டிருக்கிறேன். ஆனால் 'யெஸ்' என்று எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'யெஸ்' என்றால் ஆமாம், 'நோ' என்றால் இல்லை. இதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இருக்கிறது, நேயர்களே, நிறைய இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் மகா மேதை ஒருவர் சண்டை பிடித்திருக்கிறார். அந்தச் சண்டையில் சம்பந்தப்பட்ட இருவருமே கடைசியில் உயிரை விட்டார்கள்.

முதலில் என் தவறை அலசிவிடுகிறேன். நம்முடைய 'ஆமாம்' கேட்டவருடைய முகத்தைப் பார்க்கிறது. "நீ சாப்பிடவில்லையா?" என்று கேட்டால், "ஆமாம், சாப்பிடவில்லை" என்கிறோம். நீங்கள் நினைத்தது சரி என்று அவருக்கு ஒரு மரியாதை செய்துவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறோம். ஆங்கில 'யெஸ்' கேட்டவருடைய முகத்தைப் பார்ப்பதே இல்லை. அது தனக்குப் பின்னால் வரப்போகிற வாக்கியத்தைத்தான் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் 'யெஸ்', சாப்பிடவில்லை என்றால் 'நோ'. கேள்வி எப்படி வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் நான் சொன்ன 'யெஸ்' டாக்டரின் காதில், 'இல்லை டாக்டர், கொடுத்துவிட்டேன்!' என்று விழுந்திருக்கிறது.

ஆங்கிலேயர்களும் இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் செய்துகொண்டுவிடவில்லை. பழைய நாளில் அவர்களிடம் இரண்டு வார்த்தைகளுக்குப் பதில் நாலு வார்த்தைகள் இருந்தன: யே, நே, யெஸ், நோ. கேள்வி நேராக வந்தால் முதல் ஜோடி. "அவன் வந்தானா?" என்றால், வந்திருந்தால் 'யே', வராவிட்டால் 'நே'. கேள்வி எதிர்மறையாக வந்தால் இரண்டாவது ஜோடி. "அவன் வரவில்லையா?" என்றால், வந்திருந்தால் 'யெஸ்', வராவிட்டால் 'நோ'. ஆக, 'யெஸ்' என்ற வார்த்தையின் வேலையே மறுத்துப் பேசுவதுதான்! நீ இல்லை என்கிறாய், நான் உண்டு என்கிறேன் என்று அடித்துச் சொல்வதற்காக வைத்திருந்த வார்த்தை அது. நாலு வார்த்தைகளில் போயும் போயும் அதையா நான் அந்த டாக்டரிடம் பணிவோடு சமர்ப்பித்தேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வசதியை இன்னும் கைவிடவில்லை. சாதாரண 'ஆம்'முக்கு 'வீ' என்பார்கள். எதிர்மறைக் கேள்வியை மறுத்து 'உண்டு' என்பதற்கு 'ஸீ' என்று தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியர்களிடமும் 'யா'வுக்குப் பக்கத்திலேயே 'டோக்' என்று ஒன்று இதே காரியத்துக்கு இருக்கிறது.

இனி, சண்டைக்கு வருகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது குற்றம். மேலதிகாரிகளான பாதிரிமார்களின் அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்யக்கூடாது என்று 1409-ஆம் வருஷத்திலிருந்தே தடை இருந்தது. லத்தீன் தெரிந்தவன் படித்துக்கொள்ளலாம். தெரியாதவன் குருக்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. வில்லியம் டிண்டேல் என்ற இளம் பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. ஏர் பிடிக்கும் பையனும் வேதத்தைத் தானே படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சொந்த நாட்டில் இடம் கிடைக்காமல் ஜெர்மனிக்குப் போனார். கிரேக்க மூலத்திலிருந்து நேராக மொழிபெயர்த்து, 1526-இல் வோர்ம்ஸ் நகரத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கையடக்கமான சின்னப் புத்தகம். துணி மூட்டைகளுக்குள் மறைந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தது. அந்த வருஷமே லண்டன் பிஷப் அதைத் தேடிப் பிடித்துப் பகிரங்கமாக எரிக்க வைத்தார். ஆயிரக்கணக்கில் அச்சான அந்தப் பதிப்பில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பதாகத் தெரிவது மூன்றே பிரதிகள்.

டிண்டேலை எதிர்த்து எழுதும் பொறுப்பு சர் தாமஸ் மோரிடம் வந்தது. சாமானியமான மனிதர் அல்ல அவர். 'யுடோப்பியா' எழுதியவர், ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய அறிஞர், தம் பெண்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த தகப்பனார், 1529-இல் எட்டாம் ஹென்றி அரசனின் சான்ஸலரானவர். அதே மனிதர் மதத்துரோகிகளை எரிப்பதில் தப்பில்லை என்று மனப்பூர்வமாக நம்பியவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர் சான்ஸலராக இருந்த காலத்தில் அப்படிச் சிலர் எரிக்கப்பட்டார்கள். ஒரே நெஞ்சில் இவ்வளவும் எப்படிக் குடியிருந்தன என்று கேட்டால், நான் கதை எழுதுகிறவன், எனக்கு ஆச்சரியமில்லை என்றுதான் சொல்வேன்.

மோருக்கும் டிண்டேலுக்கும் நடந்த வாதத்தில் பெரிய விஷயங்கள் இருந்தன. 'சர்ச்' என்று இருக்க வேண்டிய இடத்தில் டிண்டேல் 'சபை' என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தையைப் போட்டார். 'குரு' என்ற இடத்தில் 'மூத்தவர்' என்றார். வார்த்தையை மாற்றினால் அதிகாரமே ஆட்டம் கண்டுவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். 1532-இல் மோர் வெளியிட்ட பெரிய மறுப்பு நூலில் இந்த மலைகளுக்கு நடுவே ஒரு கடுகும் அகப்படுகிறது.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. ஸ்நானகனான யோவானிடம் எருசலேமிலிருந்து வந்தவர்கள், "நீர் எலியாவா?" என்று கேட்கிறார்கள். தாம் அவர் அல்லவென்று யோவான் வாக்கியமாகவே பதில் சொல்கிறார். அடுத்தபடியாக, "நீர் தீர்க்கதரிசியா?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரே வார்த்தையில் மறுப்பு. அந்த ஒரு வார்த்தைக்கு டிண்டேல் 'நோ' என்று போட்டுவிட்டார். கேள்வி நேர்க்கேள்வி. அப்படியானால் 'நே' என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? பிடித்துக்கொண்டார் மோர்.

இது அற்ப விஷயம் என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு அவர் விஸ்தாரமாகப் பாடம் நடத்துகிறார். உதாரணம் வேண்டாமா? உதாரணங்களும் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருந்தால், 'ராமன் பள்ளிக்குப் போனானா?' என்று சாதுவாக ஒன்றைச் சொல்லியிருப்பார். மோர் சொன்ன உதாரணம் வேறு. மதத்துரோகி ஒருவன் வேதத்தை மொழிபெயர்க்கத் தகுந்தவனா என்று கேட்டால் 'நே' என்று சொல்ல வேண்டுமாம்; தகுந்தவன் இல்லையா என்று கேட்டால் 'நோ' என்று சொல்ல வேண்டுமாம். அடுத்தது 'யே'க்கும் 'யெஸ்'ஸுக்கும் உதாரணம். அப்படிப்பட்டவன் மொழிபெயர்த்த புத்தகம் எரிக்கத் தகுந்ததா என்று கேட்டால் 'யே'. எரிக்கத் தகுந்தது இல்லையா என்று கேட்டால் 'யெஸ்'. புத்தகம் மட்டும் என்ன, பெயர்த்தவனும், அவன் பக்கம் நிற்பவர்களும் எரிக்கத் தகுந்தவர்களே என்று அந்த விடையை அவர் முடிக்கிறார்.

இலக்கணப் பாடத்துக்குள் நெருப்பு வாடை அடிப்பதை நீங்கள் கவனிக்கிறீர்கள் அல்லவா? நான் முதன்முதலில் படித்தபோது, நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. உதாரணங்களைச் சரியாகச் சொன்ன மோர், விதியைச் சொல்கிற இடத்தில் ஓரிடத்தில் தலைகீழாக எழுதிவிட்டார். நேர்க்கேள்விக்கு விடை 'நோ' என்று அவர் பேனாவே தவறி எழுதியிருக்கிறது. பின்னாளில் இலக்கணக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பிறருக்குத் திருத்தம் சொல்ல உட்கார்ந்தவருக்கே வாய் குழறுகிறது என்றால், அந்த விதி அப்போதே ஆட்டம் கண்டிருந்தது என்றுதான் அர்த்தம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஜனங்கள் நாலு வார்த்தைகளைப் பிரித்துப் பார்ப்பதை அநேகமாக விட்டுவிட்டார்கள். 'யே'யும் 'நே'யும் மூலையில் ஒதுங்கின. 'யெஸ்'ஸும் 'நோ'வும் வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டன.

ஆனால் அந்த இரண்டு மனிதர்களின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

எட்டாம் ஹென்றி தன் ராணி காதரினைத் தள்ளிவிட்டு வேறு விவாகம் செய்துகொள்ள விரும்பினான். அது சரிதான் என்று எல்லாரும் சொல்ல வேண்டும் என்றும் விரும்பினான். நாடே தலையாட்டியபோது மோர் ஆட்டவில்லை. வெளிநாட்டில் ஒளிந்து திரிந்துகொண்டிருந்த டிண்டேலும் ஆட்டவில்லை. அரசன் செய்வது தவறென்று 1530-இல் புத்தகமே எழுதினார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு விரோதிகள் இந்த ஒரு கேள்விக்கு ஒரே விடையைச் சொன்னார்கள். அது 'நே'யா 'நோ'வா என்று அவர்கள் அப்போது சண்டை போடவில்லை.

மோர் 1532-இல் பதவியை விட்டார். 1534-இல் புது ஏற்பாட்டை ஒப்புக்கொண்டு பிரமாணம் செய்யச் சொன்னார்கள். அவர் செய்ய மறுத்தார்; ஏன் மறுக்கிறேன் என்றும் சொல்ல மறுத்தார். லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். திருச்சபைக்குத் தலைவர் அரசர்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வக்கீலாயிற்றே அவர்! அரசனுக்கு அந்தப் பட்டம் கிடையாது என்று வாய்விட்டுச் சொல்பவன் ராஜத்துரோகி என்று சட்டம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பவன் துரோகி என்று சட்டத்தில் இல்லை. 'யே' சொன்னால் ஆத்மா போகும். 'நே' சொன்னால் தலை போகும். ஆகவே மௌனம். நாலு வார்த்தைகளின் நுட்பத்தையும் ஊருக்கு எடுத்துச் சொன்ன மனிதர், நாலில் ஒன்றையும் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் உட்கார்ந்திருந்தார்.

விசாரணையில், மௌனத்தையே குற்றமாகக் காட்டினார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதுதானே சட்ட வழக்கு என்று அவர் கேட்டார். பலிக்கவில்லை. அவர் சிறையில் தம்மிடம் மறுத்துப் பேசியதாக ஒருவர் சாட்சி சொன்னார். தீர்ப்பாகிவிட்டது. அதன் பிறகுதான் மோர் வாயைத் திறந்து தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். 1535 ஜூலை 6-ஆம் தேதி அவருடைய தலை விழுந்தது.

அன்றைக்கு டிண்டேல் எங்கே இருந்தார்? நண்பன் என்று வந்தவன் காட்டிக் கொடுத்ததால் அந்த மே மாதமே ஆன்ட்வெர்ப் நகரில் பிடிபட்டு, பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் வில்வோர்ட் கோட்டையில் கிடந்தார். அடுத்த வருஷம் அக்டோபரில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். புத்தகமும் பெயர்த்தவனும் என்று மோர் இலக்கண உதாரணத்துக்காக எழுதியது அப்படியே பலித்தது. ஆனால் அதைப் பார்க்க மோர் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை எந்த நாவலாசிரியனும் எழுதத் துணிய மாட்டான். நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். டிண்டேல் மாண்டு மூன்றே வருஷத்தில், 1539-இல், அதே ஹென்றியின் உத்தரவுப்படி ஆங்கில பைபிள் ஒவ்வொரு கோயிலிலும் வைக்கப்பட்டது. அதில் பெரும் பகுதி டிண்டேலின் உழைப்பு. 1611-இல் ஜேம்ஸ் மன்னன் காலத்தில் அறிஞர்கள் கூடி வெளியிட்ட புகழ்பெற்ற மொழிபெயர்ப்பிலும் புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் டிண்டேலின் வார்த்தைகளே நின்றன. யோவானின் அந்த விடை? இன்றும் 'நோ'தான். மோர் சுட்டிக் காட்டிய பிழையை யாரும் திருத்தவில்லை. அதற்குள் அது பிழையாக இல்லாமல் போய்விட்டது.

இலக்கணத்தில் பாக்கி நிற்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'யெஸ்'ஸும் 'நோ'வும் எதிர்ப்பதங்கள் என்கிறோம். ஆனால் இரண்டும் சம அந்தஸ்து உள்ளவை அல்ல. 'யெஸ்'ஸுக்குத் தனியாக நிற்கத்தான் தெரியும். வாக்கியத்துக்குள் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது. 'நோ' அப்படியல்ல. 'நோ மணி' என்றால் பணமில்லை. 'நோ பெட்டர்' என்றால் ஒன்றும் மேலல்ல. இதிலும் ஒரு மாறாட்டம் உண்டு. விடையாகச் சொல்கிற 'நோ'வின் பழைய பொருள் 'ஒருபோதும் அல்ல' என்பது. 'நோ மணி'யில் வருகிற 'நோ'வோ 'ஒன்றுகூட இல்லை' என்ற பொருளுள்ள வேறு வார்த்தை தேய்ந்து வந்தது. இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஆள் போல் நடமாடுகிறார்கள்.

ஒதுங்கிப் போன பழைய வார்த்தைகளும் அடியோடு சாகவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஓட்டுக் கணக்குக்கு 'யே'யும் 'நே'யும்தான். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த 'ஐ' என்ற இன்னொரு 'ஆம்' இங்கிலாந்தின் பார்லிமெண்டில் குடியேறியது. அங்கிருந்து நம்முடைய லோக் சபைக்கும் வந்திருக்கிறது. அங்கே இன்றும் 'ஐ' என்பவர்கள் எத்தனை, 'நோ' என்பவர்கள் எத்தனை என்று எண்ணித்தான் தேசத்தின் சட்டங்கள் பிறக்கின்றன.

நம்முடைய பாஷையில் ஒரே 'நோ'வுக்கு எத்தனை வார்த்தைகள்! இல்லாததற்கு 'இல்லை', வேறொன்றாக இருப்பதற்கு 'அல்ல', விருப்பமில்லாததற்கு 'வேண்டாம்', மனமில்லாததற்கு 'மாட்டேன்', சக்தியில்லாததற்கு 'முடியாது', தகாததற்கு 'கூடாது'. பந்தியில், "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்றால் "நோ, நோ" என்று கையை மறிக்கிற பையன்களைப் பார்க்கும்போது, 'வேண்டாம்' என்ற வார்த்தை நம் வீட்டு 'நே'யாகப் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வருகிறது.

மோர் சரியா, டிண்டேல் சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்குப் பிடித்தவர் யோவான்தான். முதல் கேள்விக்கு அவர் முழு வாக்கியமாகப் பதில் சொன்னார். அந்த விடையில் யாருக்கும் சண்டை வரவில்லை. ஒற்றை வார்த்தையில் சொன்ன இரண்டாவது விடையில்தான் வந்தது. அதனால் இப்போதெல்லாம் நான் யாரிடமும் வெறும் 'யெஸ்' சொல்வதில்லை. "அவர்கள் ஒன்றும் சாப்பிடவில்லை, டாக்டர்" என்று வாக்கியத்தை முடித்துவிடுகிறேன். அதை அன்றைக்கு மத்தியானமே ஆஸ்பத்திரியில் தீர்மானம் செய்துகொண்டேன்.

என் தாயார் அப்போது ஒரு டம்ளர் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன விளக்கத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அவர் கொடுக்கல்லையேன்னு கேட்டார். நீ ஆமான்னே. இதிலே என்னடா தப்பு?" என்றாள்.

"ஆமாம் அம்மா, தப்பில்லை" என்றேன்.